நாலணா வைத்த முள்: செங்கோட்டையில் தாவிய தட்டுகள்

ஆனிச் சாரல் பிடித்த மூன்றாம் நாள், என் ரிப்பேர் கடை வாசலில் ஆட்டோவிலிருந்து ஓர் அக்கா இறங்கினார். உரச்சாக்கு சுற்றிய தகரப் பெட்டி ஒன்றை ஆட்டோக்காரரும் அவருமாகத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள்.

"அப்பாவோட ரெக்கார்டு தம்பி. எல்லாமே தாவுது. அடுத்த மாசம் அப்பாவுக்கு வருஷம் வருது. மத்தது எப்படியும் போகட்டும், அந்தப் பிள்ளையார் பாட்ட மட்டும் ஒழுங்கா ஓட வச்சிருங்க."

அவருடைய அப்பா செங்கோட்டையில் மைக் செட் வைத்திருந்தவர். இலஞ்சி, பண்பொழி, புளியரை, மலையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று எங்கே கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றாலும் அவர் ஒலிபெருக்கிக் குழாயைத்தான் கட்டுவார்கள் என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. எல்லைக் கோடு மாறிய பிறகும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை, ஆகவே மைக் செட்டும் மலையேறிப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. குழாய் கட்டியதும் முதலில் போடுவது அந்தப் பிள்ளையார் பாட்டுத் தட்டு.

பெட்டியில் 62 தட்டுகள். சின்னத் தட்டு 41, எல்பி என்கிற பெரிய தட்டு 14, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு 7. பெட்டியைத் திறந்ததும் பழைய துணிப் பீரோ வாசம். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் செருப்பு, பெல்ட் எல்லாம் பூசணம் பூக்கும், தட்டு மட்டும் தப்புமா? காகித உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. உறைகளின் மேல் நீல மையில் அண்ணாச்சியின், அதாவது அக்காவின் அப்பாவின், கையெழுத்தில் ஊர், தேதி, எந்த வீட்டு விசேஷம் என்று எழுதியிருந்தது. ஒன்றிரண்டில் வாங்கிய முன்பணமும் இருந்தது.

என் கடை பிளேயரில் 12 தட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் பாட்டு பல்லவியில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னது. கதை வசன எல்பி ஒன்று மூன்று இடங்களில் முன்னால் குதித்தது. மற்ற பத்தும் பொரிந்தன, கரகரத்தன, ஆனால் தாவவில்லை.

நான் தப்பு செய்த இடம் இதுதான். அக்கா சொன்னது "எல்லாமே தாவுது" என்று. என் கடையில் பன்னிரண்டில் இரண்டுதான் தாவின. அந்த இடைவெளி என்ன என்று அப்போதே யோசித்திருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். கைக்கு ஒரு திருடன் கிடைத்ததும் கேஸை மூடுகிற போலீஸ்காரர் மாதிரி, அந்த இரண்டு தட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சரி, முதலில் பிள்ளையார் பாட்டு. தட்டில் இருப்பது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு வரும் ஒரே ஒரு வரிப்பள்ளம். 20 நிமிஷம் ஓடும் எல்பி பக்கத்தில் முள் அந்த ஒற்றைப் பள்ளத்தில் 667 சுற்று போகிறது. பள்ளத்தின் அகலம் தலைமுடியை விடக் குறைவு. வழியில் ஏதாவது மறித்து முள்ளை உள்பக்கம் தள்ளினால் அடுத்த சுற்றுக்குப் போய்விடும், பாட்டில் கொஞ்சம் காணாமல் போகும். வெளிப்பக்கம் தள்ளினால் முந்தின சுற்றுக்குத் திரும்பும், சொன்னதையே சொல்லும். இந்த இரண்டாவது கோளாறைத்தான் நாம் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று மனிதர்களுக்கும் சேர்த்துப் பட்டம் கட்டி வைத்திருக்கிறோம். சொன்னதையே சொல்லும் தட்டில் கீறல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

தட்டு ஒரே சொல்லில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரை நிறுத்தி, முள் நின்ற இடத்துக்கு நேராக லேபிளின் ஓரத்தில் ஒரு துளி காகிதம் ஒட்டினேன். நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.33 விநாடி. சொல் மீண்டும் மீண்டும் அதே இடைவெளியில் வந்தது, அதனால் மாட்டுவது ஒரே இடத்தில் என்று தெரிந்தது. தட்டை எடுத்து, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் லென்ஸை வைத்துக்கொண்டு, செல்போன் டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து அடித்தால் ஒவ்வொரு வரியும் வரப்பு மாதிரி நிழல் விழுந்து தெரியும்.

கீறல் எதுவும் இல்லை. இரண்டு வரிகளை அடைத்துக்கொண்டு கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மஞ்சள் பொருக்கு, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து, பத்து நிமிஷம் கழித்து எடுத்தேன். பஞ்சில் மஞ்சள் இறங்கியிருந்தது. சந்தனம் என்றுதான் நினைக்கிறேன். பந்தலுக்குள் நுழைகிறவர் சந்தனத்தைத் தொட்டுவிட்டு, அதே விரலால் தட்டை எடுத்து வைத்திருப்பார். மீதியை மரத்தாலான பல்குத்தும் குச்சியை ஈரமாக்கி, வரி போகிற போக்கிலேயே ஏழெட்டு முறை இழுத்து எடுத்தேன். குண்டூசி, சேஃப்டி பின் பக்கம் கையே போகக் கூடாது. இரும்பு புதிதாக ஒரு வரி போட்டுவிடும். குறுக்கே இழுப்பதும் ஆகாது.

போட்டேன். தங்கு தடையில்லாமல் ஓடியது.

பூசணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசணத்தை வீட்டுக்குள் தட்டி விடாதீர்கள். மூக்கை மூடிக்கொண்டு வெளித் திண்ணையில் காய்ந்த பிரஷ்ஷால் முதல் துடைப்பு. அப்புறம் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். ஆசிட் கலக்காததா என்று பார்த்து வாங்க வேண்டும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விடும், அந்த உப்பும் வரிக்குள்தான் உட்காரும். ஒரு லிட்டருக்கு வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. லேபிள் நனையாமல் அதன்மேல் அதே அளவு டப்பா மூடி ஒன்றை அழுத்திக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பழைய மல் வேட்டித் துண்டால் ஒற்றி, நிழலில் நிற்க வைத்துக் காயவிட்டேன். 55 தட்டுக்கு மூன்று ராத்திரி ஆனது. மீதி 7 அரக்குத் தட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபெவிகால் ஊற்றி உரிக்கும் வித்தையைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு. கடையில் வீணாய்ப்போன ஒரு தட்டில் செய்து பார்த்திருக்கிறேன். உரிந்து வந்தபோது அழுக்கும் வந்தது, உண்மைதான். ஆனால் கடைசி அங்குலத்தில் கிழிந்து, வரிக்குள் தங்கிப்போன துணுக்கை எடுக்க அரை நாள் ஆயிற்று. அடுத்தவர் வீட்டுத் தட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கதை வசன எல்பியில் இருந்தது நிஜக் கீறல். யாரோ முள்ளை எடுக்கும்போது கை நழுவி, உள்பக்கமாகச் சாய்வாக இழுத்திருக்கிறது. வரிகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகும் கீறல் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் 'டிக் டிக்' என்று சுற்றுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு விட்டுவிடும். எல்பியில் அது 1.8 விநாடிக்கு ஒன்று. வரியை ஒட்டியே சரிந்து போகும் மெல்லிய கீறல்தான் ஆபத்து, அது முள்ளுக்குக் குறுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடும். இது அந்த ஜாதி. லென்ஸில் பார்த்தால், உழவில் வரப்பு சரிந்த மாதிரி, வரிச் சுவரின் விளிம்பு பெயர்ந்து பள்ளத்துக்குள் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது.

இங்கேயும் அதே ஈரக் குச்சிதான். குச்சியின் முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு, முள் போகும் திசையில் பத்து முறை, எதிர்த் திசையில் பத்து முறை. மணிக்கட்டு மேசையில் பதிந்திருக்க வேண்டும், மூச்சுக்கூடக் கொஞ்சம் நிறுத்தித்தான். இரண்டு வரி இழுத்ததும் துடைத்து, போட்டு, கேட்டு, மறுபடி லென்ஸ். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் நல்ல சுவரும் போய்விடும். முதல் இடம் சரியானது, ஒரு 'டிக்' மட்டும் மிச்சம். இரண்டாவது இடம் மூன்றாம் முயற்சியில் கடந்தது. மூன்றாவது மசியவில்லை. அங்கே சுவர் சரியவில்லை, அந்த இடத்து பிளாஸ்டிக்கே இல்லை. இல்லாததை எந்தக் குச்சியாலும் திரும்ப வைக்க முடியாது.

இவ்வளவையும் முடித்து, பெருமையோடு தட்டுகளை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.

"தம்பி, அப்படியேதான் தாவுது."

வீடு மெயின் ரோட்டில். கொல்லம் போகும் 744ஆம் நெடுஞ்சாலை வாசலை உரசிக்கொண்டு போகிறது. முன் அறையில் ஒரு மர பெஞ்சு, அதன்மேல் பெங்களூரிலிருந்து பேரன் அனுப்பிய புது பெல்ட் டிரைவ் பிளேயர். பிள்ளையார் பாட்டைப் போட்டார். பல்லவி தாண்டியது, சரணத்தில் மாட்டியது. எடுத்து மறுபடி போட்டார். இப்போது சரணம் தாண்டி, வேறு இடத்தில் மாட்டியது. பேரன் வாங்கிக் கொடுத்த, இன்னும் கடை வாசம் போகாத புது எல்பி ஒன்றைப் போடச் சொன்னேன். அதுவும் மாட்டியது.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ஒரே இடத்திலா, போடப் போட வேறு வேறு இடத்திலா? ஒரே இடம் என்றால் தட்டைப் பார். இடம் மாறினால் தட்டைத் தொடவே தொடாதே, மெஷினைப் பார். அக்கா "எல்லாமே" என்று சொன்னபோதே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டார்.

"இருங்க" என்று எழுந்துபோன அக்கா, சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு நாலணாவையும் செல்லோடேப்பையும் கொண்டு வந்தார். முள் இருக்கும் தலைமேல் நாணயத்தை ஒட்டினார். பாட்டு கடைசி வரை ஓடியது.

"பாத்தீங்களா? அப்பா காலத்திலேர்ந்து இதுதான். பேரன்தான் எடுத்துப் போடச் சொன்னான்."

நாலணா பொய் சொல்லவில்லை. கடையில் தங்கம் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வைத்திருக்கிறேன், அதை எடுத்து வந்தேன். நாலணா மட்டும் இரண்டரை கிராம். அடுத்து முள்ளை இறக்கிப் பார்த்தேன், எண்கள் கோமாளித்தனமாக ஆடின. காரணம், முள் செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சின்னக் கூட்டுக்குள் காந்தம், தராசுத் தட்டு இரும்பு. ஒன்றையொன்று இழுக்கிறது. தராசின் மேல் பள்ளிக்கூட ரப்பர் ஒன்றை வைத்து, பூஜ்யமாக்கி, முள்ளின் உயரம் தட்டு இருக்கும் உயரத்துக்கு வரும்படி சரிசெய்து இறக்கினேன். 1.1 கிராம். நாலணாவோடு 3.6.

அந்த கார்ட்ரிட்ஜுக்குத் தயாரித்தவர்கள் சொல்லும் அளவு 1.8 முதல் 2.2 வரை. முள்ளைத் தாங்கும் நீளக் கையின் பின்பக்க எடையில் இருக்கும் எண் வளையம் 2 என்றுதான் காட்டியது. பேரன் வளையத்தை மட்டும் திருப்பி 2-இல் நிறுத்தியிருக்கிறான். முதலில் அந்தக் கையைத் தராசுக் கோல் மாதிரி மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதக்கவிட்டு, அந்த நிலையில் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, அதற்குப் பிறகுதான் 2-க்குத் திருப்ப வேண்டும். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் வளையத்து எண் வெறும் எண். போதாக்குறைக்கு ஆன்டி ஸ்கேட்டிங் குமிழ் 3-இல், கடைசி முனையில். தட்டு சுற்றும்போது உரசல் கையை நடுவை நோக்கி இழுக்கும். அதை ஈடுகட்ட வெளிப்பக்கம் மெல்ல இழுப்பதுதான் அந்தக் குமிழின் வேலை. முள்ளில் கனமே இல்லை, வெளியே இழுப்பு மட்டும் முழுசாக. அப்புறம் ஏன் சொன்னதையே சொல்லாது?

மிதக்கவிட்டு, பூஜ்யம் வைத்து, 2.0. குமிழும் 2. தராசு 1.98 காட்டியது. நாலணாவை உரித்து அக்கா கையில் கொடுத்தேன். புது எல்பி முழுசாக ஓடியது, பிள்ளையாரும் ஓடினார். இதற்கு ஆனது பத்து நிமிஷம். முந்தின மூன்று ராத்திரியை நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி நாலணா வைத்ததை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பழைய பெட்டி பிளேயரும் அக்கா வீட்டுப் பரணில் இருந்தது. அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ், ஐந்தாறு கிராமுக்குக் குறையாமல் உட்காரும். அதற்கும் மேலே நாலணா. பந்தலில் மேசை ஆடும், பக்கத்தில் ஜெனரேட்டர் அதிரும், பிள்ளைகள் ஓடிவந்து இடிப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் பாட்டு தாவினால் பந்தலே திரும்பிப் பார்க்கும். "அப்பா ஒருநாளும் பாட்ட நிக்க விட்டதில்ல தம்பி" என்றார் அக்கா. அவர் பிழைப்பு அது. அதற்கான விலையைத் தட்டுகள் கொடுத்திருக்கின்றன. பிள்ளையார் பாட்டில் நாகஸ்வரம் மேலே ஏறும் இடங்களில் குரல் கிழிந்தது போல ஒரு கரகரப்பு. முள் வரிச் சுவரையே தேய்த்துத் தின்ற அடையாளம் அது. கழுவினாலும் போகாது, குச்சியாலும் போகாது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. எல்லாம் சரி என்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு ஒரு டாரஸ் லாரி போனது. ஜன்னல் கண்ணாடி சிணுங்கியது, முள் ஒரு குதி குதித்தது. பெஞ்சில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. மர பெஞ்சு தரையின் அதிர்வை அப்படியே வாங்கி பிளேயருக்குக் கொடுக்கும். அறையின் உள்சுவரில் கடப்பாக்கல் அலமாரி ஒன்று, பழைய நாவல்களோடு இருந்தது. நாவல்களை இறக்கிவிட்டு பிளேயரை அங்கே ஏற்றினோம். கல், சுவரோடு பிணைப்பு, ரோட்டுக்குத் தள்ளி. ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் மட்டும் மடித்த அட்டை கொடுத்ததும் ரசமட்டம் நடுவில் நின்றது. அடுத்து போன இரண்டு லாரிக்கும் முள் அசையவில்லை. ஆயிரக்கணக்கில் விலை போட்டு அதிர்வு தாங்கும் மேசை விற்கிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அது சுவரிலேயே இருக்கிறது.

இனி அந்த அரக்குத் தட்டுகள். ஏழில் ஒன்று கையில் எடுத்தபோதே வித்தியாசமாக இருந்தது. ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடி போல மின்ன, மறுபக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அக்காவிடம் கேட்டேன். பூசணம் போகட்டும் என்று பேரன் கை கழுவும் சானிடைசரைத் தேய்த்திருக்கிறான். அதில் இருப்பது ஆல்கஹால். பிளாஸ்டிக் தட்டு, நீர்த்த ஆல்கஹாலை ஓரளவு தாங்கும். அரக்கு தாங்காது. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தானே ஆசாரிகள் கதவுக்கு பிரெஞ்ச் பாலிஷ் போடுகிறார்கள்? வரிச் சுவர்கள் கரைந்து வழிந்து உறைந்துவிட்டன. அந்தப் பக்கம் போனது போனதுதான். மற்ற ஆறையும் காய்ந்த துணியால் தூசி மட்டும் தட்டி வைத்தேன். இந்த பிளேயரில் அவற்றைப் போடவும் கூடாது, வேகமும் இல்லை, முள்ளும் அதற்கானது இல்லை. அந்த வரிக்கு நாலு மடங்கு பருத்த முள் வேண்டும். அக்கா பேரனிடம் இதைச் சொல்லவில்லை, என்னையும் சொல்ல வேண்டாம் என்றார்.

வருஷத்தன்று போயிருந்தேன். பிள்ளையார் பாட்டு கரகரப்போடு முழுசாக ஓடியது. கதை வசன எல்பியையும் போட்டார்கள். மூன்றாவது இடம் வந்ததும் முள் குதித்தது, வந்திருந்த பெரியவர் ஒருவர் விட்டுப்போன வசனத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தானே சொல்லி முடித்தார்.

ஐப்பசியில், அடுத்த மழை பிடித்த பிறகு, ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். எடை அப்படியே 1.98. தாவல் எதுவும் இல்லை. ஆனால் எட்டுப் பத்துத் தட்டுகளில் மறுபடியும் வெள்ளைப் புள்ளி. நான் வாங்கிக் கொடுத்த புது உறைகள் பிரிக்காமல் கிடந்தன. தட்டுகள் பழைய காகித உறைக்குள்ளேயே இருந்தன.

"அப்பா எழுத்து இருக்குல்லா" என்றார் அக்கா.

புது உறையில் தட்டு, பழைய உறை தனியாக ஒரு ஃபைலில், இரண்டிலும் ஒரே நம்பர் என்று உட்கார்ந்து எழுதி ஒட்டினோம். 62 நம்பர். சாயங்காலம் வரைக்கும் ஆனது.